மூன்றாம் நம்பர் மெஷின்

நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தேனியில் ஒரு மாடியில் நடக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஒரே பெரிய கம்ப்யூட்டரை அறை அறையாகத் தடுத்து, வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்போம். அறைக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். ஓர் அறையின் நெட்வொர்க் அடுத்த அறைக்குத் தெரியாது. உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓடும். அந்த மெஷினோடு பேச நெட்வொர்க் இல்லாமல் விசாக் என்று இன்னொரு வழி உண்டு. அதற்கு ஐபி முகவரி வேண்டாம், மெஷினுக்கு ஒரு நம்பர் போதும். அந்த வழிக்கு மட்டும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் வெகுகாலம் சுவரே இல்லை. எந்த அறையிலிருந்து மூன்றைக் கூப்பிட்டாலும், மொத்தக் கம்ப்யூட்டரிலும் மூன்று என்றிருக்கும் ஒரே மெஷின்தான் பேசும்.

முதல் சில நம்பர்கள் ஒதுக்கப்பட்டவை என்பதால் ஆளாளுக்கு மூன்றையே வைப்பார்கள். டெஸ்ட்டைத் தானாக நடத்தும் எங்கள் ஸ்கிரிப்டிலும் மூன்றுதான். அந்த மெஷினின் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு டெஸ்ட்டைத் தொடங்குவது எங்கள் வழக்கம்.

ஒரு மதியம் ஒரு வாடிக்கையாளரின் டிஸ்க் காலியாகிவிட்டது. அந்த நேரம் பக்கத்து அறையில் டெஸ்ட் ஓட்டியவள், கடமலைக்குண்டிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் பெண்.

"அறையெல்லாம் தனித்தனியாத்தான இருக்கு? இவதான் அங்கன போயி அழிச்சிருக்கா," என்றார் மேனேஜர்.

"விசாக்குக்குச் சுவர் கிடையாது சார். ஸ்கிரிப்டப் பாருங்க," என்றேன்.

"அவளுக்கு வக்காலத்து வாங்காதீக."

அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே படியிறங்கினாள்.

பிறகு புதுக் கர்னலில் விசாக்குக்கும் நேம்ஸ்பேஸ் வந்தது. அதைப் போட்டுவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்றார் மேனேஜர். அந்தச் சுவர் தானாக எழும்பாது. லோக்கல் என்று நாம் மாற்றாதவரை எல்லாம் பழையபடி பொதுவில்தான் கிடக்கும். அதையும் எடுத்துச் சொன்னேன். ஓடுகிறதில் கை வைக்காதீர்கள் என்று வாயை அடைத்தார்.

சில வாரங்களில் அதே வாடிக்கையாளரின் டிஸ்க் மறுபடி காலியானது. இந்த முறை டெஸ்ட்டை ஓட்டியது மேனேஜரே. மூன்று ஏற்கெனவே அடுத்த அறையில் இருந்ததால் எங்கள் மெஷின் கிளம்பவே இல்லை. அதைக் கவனிக்காத எங்கள் ஸ்கிரிப்ட், துடைக்கும் கட்டளையை மூன்றுக்கு அனுப்பிவிட்டது. அவர் கண்ணெதிரே திரையில் அதைக் காட்டினேன்.

"அப்ப இது கர்னல் பிரச்சினை," என்றார். வெட்கமே இல்லை. அவள் ஓட்டினால் அவள் குற்றம், இவர் ஓட்டினால் கர்னல் குற்றமாம். "சரி, அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க," என்றார் பெரிய மனது பண்ணி.

போன் செய்தேன். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் இருந்தாள்.

"நான் அழிக்கலைன்னு எங்க அப்பாகிட்ட அவுக ஒரு வார்த்தை சொல்வாகளாண்ணே? வேலைய விட்டு எடுத்ததுல இருந்து அப்பா எங்கூடப் பேசுறதில்ல."

மேனேஜரிடம் சொன்னேன். "அதுக்கெல்லாம் எங்க நேரம்? வேற ஆளப் பாருங்க," என்று லேப்டாப்பை மூடினார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடமலைக்குண்டு பஸ்ஸில் ஏறினேன். அவள் அப்பாவிடம் டிஸ்க்கை அழித்தது மேனேஜர்தான் என்று சொல்லி, அந்த மேனேஜரின் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.