சுப்பராயலுவின் சீட்டு

சுப்பராயலுவுக்குப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டது என்பது குப்பம் முழுக்கத் தெரியும். பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். அதனால்தான் அந்த வருஷம் பாடு பிரிக்கச் சீட்டுப் போட்டபோது அவர் பேரை விட்டுவிட்டார்கள். ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களில் யார் எப்போது வலை விடுவது என்று முறை வைக்கும் சீட்டு அது.

"உனக்கு எதுக்கு மாமா அலைச்சல்? உன் பங்கு வூட்டுக்கே வந்துடும்," என்றான் அக்கா மகன் கேசவன், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

சுப்பராயலுவுக்குச் சுர்ரென்று ஏறியது. மொட்டைத் தலையில் கட்டியிருந்த துண்டை உருவி உதறினார்.

"இன்னா, இப்பவே பால் ஊத்திட்டீங்களா? நான் இன்னும் சோறு துன்னுகிட்டுதான் இருக்கறேன். எழுதுடா பேரை!"

எழுதினார்கள். குலுக்கினார்கள். அவருக்குக் கடைசி முறை வந்தது, சித்திரையில்தான். கேசவன் தனக்கு வந்த முதல் சீட்டை நீட்டினான். சுப்பராயலு அதைத் தட்டிவிட்டார்.

கூட்டாளி தமிழ்வாணன் மட்டும் இரக்கப்படவில்லை. "படகை நான் தள்ளறேன். ஆனா உன் வலை பூரா கிழிசல். அதோட வந்தே, நடு ஏரியில எறக்கி உட்டுடுவேன்."

நோய் வந்ததிலிருந்து யாரும் அவரை இப்படித் திட்டியதில்லை. சுப்பராயலு வாய்விட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்திராணி, வலையை எடுத்து வெளிய போடு, கிழிசலைத் தைக்கணும். சித்திரையில எனக்குப் பாடு இருக்குது, அதுக்கு முன்னாடி எங்கியும் போறதுக்கில்லனு அந்த டாக்டருகிட்ட சொல்லிடு."