மங்கி கேப்பும் பன்னிரண்டாவது பாலமும்

பனியில் பழைய மரப்பாலங்களைப் படம் எடுக்கும் பைத்தியம் எனக்குப் பிடித்து ஏழு குளிர்காலம் ஆகிறது. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில். டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குள் கொஞ்ச தூரம் போனால் ஓடைகளுக்கு மேலே இந்தப் பாலங்கள் நிற்கும். தலைக்கு மேல் கூரை, இரண்டு பக்கமும் பலகைச் சுவர். ஒரு வீட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதுபோல வண்டி போகும்.

எனக்கு ஒரே ஒரு விதி உண்டு. படத்தில் விழும் பனியில் ஒரு காலடிகூட இருக்கக் கூடாது. நாயின் தடம் இருந்தாலும் சரி, டயர் தடம் இருந்தாலும் சரி, கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு உர்ரென்று வண்டியில் ஏறிவிடுவேன். வண்டியை ஓட்டுவது என் கணவர். பனியில் ஓட்ட எனக்குப் பயம். அவருக்கோ குளிர் என்றாலே ஆகாது. வீட்டில் நாலு நல்ல ஜாக்கெட் தொங்கும்போது, தி. நகரில் வாங்கிய பழுப்பு மங்கி கேப்பைக் காது மூட மாட்டிக்கொண்டு, ஹீட்டரைப் போட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

போன குளிர்காலத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் என் படங்களை மாட்ட பிப்ரவரி முழுக்க ஒரு சுவரை எனக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டு படம் வேண்டும் என்றார்கள். பதினொன்று சட்டம் போட்டுத் தயாராக இருந்தன. பன்னிரண்டாவதாக நான் மனதில் வைத்திருந்த சிவப்புப் பாலம்தான் மூன்று வருடமாக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம் பனியே விழவில்லை. ஒரு வருடம் விழுந்த பனியை மழை கரைத்தது. இன்னொரு வருடம் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்து, பாலத்து வாசலிலேயே பனி பொம்மை செய்து, அதற்குத் தொப்பியும் போட்டுவிட்டுப் போயிருந்தது. திங்கட்கிழமை படங்களை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை பனி கொட்டியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பாலம் எங்கயும் ஓடிடாதும்மா. ஸ்ப்ரிங்ல போய் எடுக்கலாமே?" என்றார்.

"ஸ்ப்ரிங்ல பனிய நீங்க கொண்டு வரீங்களா?"

அவர் வண்டியை வார்ம்-அப் பண்ணப் போனார்.

ஞாயிறு காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனியில் ஒரு கீறல்கூட இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் கேமராவை டிரைபாடில் மாட்டி நிறுத்தினேன். சூரியன் மரங்களுக்கு மேலே வந்து சிவப்புப் பலகையில் பட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. இருபது நிமிடத்தில் விரல் மரத்துப்போனது.

"உள்ள வந்து காபி குடி. அதுக்குள்ள சூரியன் போயிடாது," என்று ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கிக் கூப்பிட்டார். போனேன். ஃபிளாஸ்க் காபி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. நான் இட்லியில் மும்முரமாக இருந்தபோது அவர் இறங்கிப்போய் டிரைபாடிலிருந்து கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால், என் கேமரா மங்கி கேப்புக்குள் உட்கார்ந்து, ஹீட்டர் காற்றில் சுகமாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

"பாவம், ஐஸ் மாதிரி ஆயிடுச்சு. ஏதாவது ஆயிட்டா?" என்றார்.

சில்லிட்ட லென்ஸ், சூடான வண்டி, ஆவி பறக்கும் காபி. லென்ஸ் முழுக்க வெள்ளையாக நீராவி படிந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துச் சூரியன் மேலே வந்தது.

"கேமராக்கு என்ன, ஜலதோஷமா பிடிக்கும்? என்ன மனுஷர் நீங்க!" என்று கத்திவிட்டு, கேப்பிலிருந்து கேமராவை உருவிக்கொண்டு வெளியே ஓடினேன். துடைத்தேன். துடைத்தது அப்படியே உறைந்து கோடு கோடாக நின்றது. மறுபடி துடைத்தேன். அப்போதுதான் எதிர்க் கரைச் சரிவில் மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது. பனி அள்ளும் வண்டி. பாலத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் என் வெள்ளைச் சாலை அத்தோடு முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்து துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் லென்ஸ் தெளிந்தது. நிமிர்ந்து பார்த்தால், எங்கள் வண்டியிலிருந்து பாலத்து வாசல் வரை முழங்கால் ஆழத்துக்குப் பெரிய பெரிய பள்ளங்கள். ஹீட்டரை விட்டு இறங்காத மனிதர், எனக்காகப் பனி வண்டியை நிறுத்த நடந்தே போயிருக்கிறார். என் விதியின் மேலேயே நடந்து போயிருக்கிறார். அப்போது என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பாலத்துக்குள் அந்த மஞ்சள் வெளிச்சம். வாசலில் மங்கி கேப்போடு என் கணவர்; பக்கத்தில் பனி வண்டிக்காரர். எங்கள் டிபன் டப்பா இருவருக்கும் நடுவில் திறந்திருக்கிறது. வண்டிக்காரர் பொடி இட்லியை வாயில் போட்டு, காரம் தாங்காமல் ஆவென்று குளிர்காற்றை இழுக்கிறார். என் கணவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். என் விரல் தானாகவே அழுத்திவிட்டது.

வேறு படம் இல்லாததால் அதையே கொடுத்தேன். பிப்ரவரியில் நூலகத்துக்கு வந்தவர்கள் முதல் பதினொன்றையும் "பியூட்டிஃபுல்" என்று சொல்லியபடி கடந்து, பன்னிரண்டாவதன் முன்னால் நின்று சிரித்தார்கள். தெரிந்த ஆன்ட்டி ஒருவர் கேட்டார்.

"யாரும்மா இது, மங்கி கேப்?"

"எங்க வீட்டுக்காரர்தான் ஆன்ட்டி."

"அப்ப மத்ததுக்கெல்லாம் அவர் வரலையா?"

"வந்தாரு ஆன்ட்டி. எல்லாத்துக்கும் அவர்தான் டிரைவ் பண்ணாரு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பதினொரு பாலத்துக்கும் என்னைக் கொண்டுபோய் விட்டவர் அவர். அவருடைய காலடி ஒன்றுகூட விழாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

அதற்குள் பக்கத்தில் வந்து நின்ற என் கணவர் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் புது கேப் வாங்கிக்கறேம்மா. இது நல்லால்ல."

"இதையே போட்டுக்கோங்க," என்றேன். "வண்டியில உட்காராம எறங்கி வாங்க, போதும்."