நெடும்பாட்டின் நடுவில் ஒரு விசில்

காது மிஷின் வாங்கப் போகிறவர்கள் பொதுவாக மனைவி பேசுவது கேட்க வேண்டும் என்றுதான் போவார்கள். நான் போனது ஒரு விசிலுக்காக. என் மனைவிக்கு இது தெரியும். தெரிந்தும் கூடவே வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது ஓர் இங்கிலீஷ் ராக் இசைத்தட்டில் வருகிற விசில். மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்த தட்டு. அதில் ஒரு பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும். ஆர்கனும் கிட்டாரும் சண்டை போட்டு, சமாதானமாகி, எங்கெங்கோ சுற்றிவிட்டு வரும். நடுவில் எல்லாம் அடங்கி ஆர்கன் மட்டும் மெல்ல இழுக்கிற இடத்தில், கூட்டத்தில் ஒருத்தன் பொறுக்கமாட்டாமல் விசிலடிப்பான். இளவட்ட வயசிலிருந்து அவனை எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவன் சத்தத்தைக் காணோம். கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகும் என்றார் டாக்டர். போனால் போகட்டும் என்று விட எனக்கு மனசில்லை. குழுவின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் கைபேசியில் அரை நிமிஷம் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு என்பீர்கள்.

மிஷின் கடையில் இருந்த பெண், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மிஷினைத் துடைத்தாள். அந்த வாசனை என்னை நேராகக் காரைக்குடி ரெக்கார்டிங் சென்டரில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. அங்கே டேப் ரெக்கார்டரில் டேப் உரசி ஓடுகிற ஹெட்டை இப்படித்தான் துடைப்பார்கள்.

அப்போது எனக்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில் கல்லல் என்கிற ஊரில் ஓர் உரக்கடையில் வேலை. காரைக்குடிக்குப் போனால் பழைய சாமான் கடைகளில் நுழையாமல் திரும்ப மாட்டேன். பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது தூணும் கதவும் பீங்கான் ஜாடியும் அங்கேதான் வந்து சேரும். பினாங்குக்குப் போய்வந்த யாரோ கொண்டுவந்த தட்டு, எனாமல் டிபன் கேரியருக்கு அடியில் கிடந்தது. அட்டைப்படம் பிடித்துப்போய் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் அதை ஓட்ட என்னிடம் ஒன்றுமில்லை என்பது உறைத்தது. உரத்தோடு பழகுகிற மூளை அவ்வளவுதான் ஓடும்.

தட்டை ரெக்கார்டிங் சென்டர் மாணிக்கம் அண்ணனிடம் கொடுத்து, கேசட்டில் பதிந்து வாங்கினேன். பாட்டெல்லாம் கழுத்தைத் திருகியதுபோல் முடிந்தது. வெள்ளைக்காரன் பாட்டு இப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று கொஞ்ச நாள் அதையும் ரசித்தேன். ஆனால் கடைசியில் இரண்டு முருகன் பாட்டு வந்தது. அதற்கு எப்படி இடம் கிடைத்தது?

“அண்ணே, முருகன் பாட்டு நான் கேக்கலையே?”

“நீங்க கேக்கலைதேன். அந்தத் தட்டுல பாட்டுக்குப் பாட்டு கை தட்டுறாய்ங்க, ஊளையிடுறாய்ங்க. பாட்டு நடுவுல ஒருத்தன் விசிலடிக்கிறான். அதுக்கெல்லாம் டேப்பை வீணாக்கலாமா? எல்லாத்தையும் வெட்டிட்டேன்.”

பெருமையாகச் சொன்னார். டேப்பில் மிச்சம் விட்டுக் கொடுப்பது அந்தக் கடைக்கு இழுக்கு. மிஞ்சுகிற இடத்தில் சாமி பாட்டுப் போட்டு நிரப்பித் தருவதுதான் அவர் வழக்கம்.

“எனக்கு அந்தக் கைதட்டலும் வேணும்ணே.”

“கைதட்டுறதைக் கேக்கவா கல்லல்ல இருந்து வாரீக?”

“ஆமாண்ணே.”

மறுபடி பதிய வைத்தேன். இந்த முறை பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். அவர் விரல் பட்டன் பக்கம் போகும்போதெல்லாம் இருமினேன். அன்றைக்குத்தான் கைதட்டலைக் கேட்டேன், அந்த விசிலையும் கேட்டேன். கல்லலில் இந்தப் பாட்டைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள எனக்கு ஓர் ஆள் கிடையாது. என்னைப் போல இத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தனுக்கு நான் உருகுகிற அதே இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை என்று தெரிந்தபோது, கண் கலங்கிவிட்டது. மாணிக்கம் அண்ணன், நெடி என்று நினைத்தோ என்னவோ, ஸ்பிரிட் பாட்டிலை மூடி வைத்தார்.

அவரும் போய்விட்டார், கடையும் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

மிஷினை மாட்டிவிட்டு அந்தப் பெண், “நல்லாக் கேக்குதா சார்?” என்றாள். நான் அந்தத் தட்டின் பாட்டுகள் இருக்கிற கைபேசியை நீட்டினேன். பாட்டு தெளிவாக வந்தது. கைதட்டல் மட்டும் அமுங்கிப்போய்க் கிடந்தது.

“கைதட்டுற சத்தம் எங்கம்மா?”

“அது தேவையில்லாத இரைச்சல் சார். மிஷினே குறைச்சிரும்.”

மாணிக்கம் அண்ணன் காதுக்குள்ளேயே வந்து கடை போட்டுவிட்டார் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் விடவில்லை.

“எனக்கு வேணும்மா. ஒண்ணையும் வெட்ட வேணாம்.”

“மத்தவக எல்லாம் குறைக்கத்தான் சார் சொல்லுவாக.”

கம்ப்யூட்டரில் எதையோ மாற்றினாள். கைதட்டல் கடுகு பொரிவதுபோல் திரும்பி வந்தது. நெடும்பாட்டைப் போடச் சொன்னேன். எல்லாம் அடங்கியது. ஆர்கன் இழுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கிட்டார் வந்துவிட்டது. விசில் வரவில்லை.

என் முழங்காலில் ஒரு கை தட்டியது. கல்யாணமான நாளிலிருந்து இதைத் தகரடப்பாக் கச்சேரி என்று திட்டுகிற என் மனைவி.

“இந்தா, இப்பத்தேன் அடிச்சிட்டுப் போறான். உங்களுக்குக் கேக்கலையா?”

இன்னொரு தடவை போடச் சொன்னேன். இன்னும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் கை சரியான இடத்தில் தட்டியது. எனக்கு அந்த இடத்தில் ஆர்கன் மட்டும்தான் கேட்டது.

மிஷினை வாங்கிக்கொண்டோம். இப்போதெல்லாம் அந்தப் பாட்டு ஓடும்போது அவளும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். “அடுப்புல குழம்பு கிடக்குதுங்க” என்கிறாள். அணைத்துவிட்டு வரச் சொல்கிறேன்.