முயல் உரிக்க ஒரு கத்தி

லீவு கேட்டுவிட்டு வருகிறேன் என்று போன என் கணவர், நாலு முயலோடு வந்து நின்றார். குவைத்தில், ஃபர்வானியாவில் எங்கள் வீட்டு வாசலில், கறுப்புப் பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்தபடி, என்னமோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

"லீவு என்ன ஆச்சு?" என்றேன்.

"முதீர் வேட்டைக்குப் போயிட்டு வந்திருக்காரு. செம மூட்ல இருந்தாரு. இதைக் கையில குடுத்து, வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வர்றேன், பிரியாணி போடச் சொல்லுன்னாரு. எப்படி வேண்டாங்கிறது?"

"நான் லீவைக் கேட்டேன்."

"சாப்பிட்டு முடிச்ச கையோட கேட்டா, இல்லைன்னா சொல்லப் போறாரு?"

முதீர் என்றால் அரபியில் மேலாளர். குவைத்துக்காரர். அவர் கையெழுத்து இல்லாமல் கம்பெனியில் ஒருவரும் விமானம் ஏற முடியாது. எங்களுக்கோ அந்த லீவு கிடைத்தே ஆக வேண்டும். அடுத்த மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லை. கணவர் இல்லாதவள் என்பதால் அம்மா மணையில் உட்காரக் கூடாதாம். அது என்ன நியாயமோ, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூத்த மகளும் மருமகனும் ஜோடியாக உட்கார்ந்துதான் பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள். நான் ஒற்றை ஆளாகப் போய் இறங்கினால் எனக்கும் மணை கிடையாது. போன் போட்டபோதெல்லாம் தங்கை, "அத்தான் வந்துருவாங்கள்ல அக்கா?" என்று அதையேதான் கேட்டாள்.

பையைப் பிரித்தேன். குடலை மட்டும் வேட்டையாடின இடத்திலேயே எடுத்திருந்தார்கள். தோலும் முடியும் அப்படியே இருந்தன. இட்லி மாவை ஓரம் தள்ளிவிட்டு, ஃபிரிட்ஜில் திணித்தேன்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி. முயல் உரிப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. கணவர் கோயம்புத்தூரில் வளர்ந்தவர், கறியைப் பொட்டலமாக மட்டுமே பார்த்தவர். எனக்கு வேண்டியிருந்தது ஒரு கத்தி, அவ்வளவுதான். காய் நறுக்கும் கத்தி வளையும். அரிவாள்மனை இதற்கு உதவாது. கத்தி கறிக்குள் இறங்கிவிட்டால் வெட்டில் முடி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. "சின்னதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றேன்.

வாங்கி வந்தார். என் முழங்கை நீளம். முதுகில் ரம்பப் பல்.

"இது முயலுக்கா, ஒட்டகத்துக்கா?"

"நல்ல ஸ்டீல்ம்மா. நெட்ல பார்த்துட்டுத்தான் வாங்கினேன். எலும்பே அறுக்கலாம்."

"எலும்பை யார் இப்ப அறுக்கச் சொன்னா?"

மறுநாள் இன்னொன்று வந்தது. நுனியில் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. வயிற்றைக் கீறிக் குடல் எடுக்க அந்தக் கொக்கி என்று விளக்கம் வேறு. குடல்தான் ஏற்கெனவே போயாச்சே, கண்ணு தெரியலையா என்று கத்தினேன். பக்கத்து ஃபிளாட் எகிப்துக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை நானே கிளம்பிப் போனேன், அவரையும் இழுத்துக்கொண்டு. வேட்டைச் சாமான் விற்கிற கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கத்திகளை வரிசையாக அடுக்கி விளக்குப் போட்டிருந்தார்கள். கடையில் நின்ற பாகிஸ்தான்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவரிடமே, "பாய், யே தேக்கோ" என்று ஒவ்வொன்றாக நீட்டினார். நான் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான் என்று நினைத்துக் கொண்டுவந்தார். அதில் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு பிடியாகப் பிடித்துப் பார்த்தேன். கொழுப்பும் ரத்தமும் பட்ட கையில் வழுக்காத பிடி வேண்டும். பளபளவென்று இருந்ததெல்லாம் வழுக்கியது. கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் பெட்டியின் மூலையில் கிடந்தது ஒன்று. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அலகு. வெட்டும் பக்கம் வயிறு மாதிரி வளைந்து, நுனி ரொம்பக் கூராக இல்லாமல். பிடி சொரசொரப்பான கறுப்பு ரப்பர். தோலுக்கடியில் விட்டால் குத்தாமல் வழுக்கிக்கொண்டு போகும். "இதுதான்" என்றேன்.

"இதையா? முதீர் பார்த்தா என்ன நினைப்பாரு?"

"அவரு பிரியாணி திங்க வர்றாரா, கத்தி பார்க்க வர்றாரா?"

அன்று சாயங்காலமே உட்கார்ந்து உரித்தேன். பின்னங்கால் கணுவைச் சுற்றிக் கீறி, இரண்டு தொடையையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, சட்டையைக் கழற்றுகிற மாதிரி தலைப்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். கத்திக்கு அங்கங்கேதான் வேலை. நாலு முயலிலும் ஒரு முடி ஒட்டவில்லை. கணவர் சமையலறைப் பக்கமே வரவில்லை, நாற்றம் என்று.

வெள்ளிக்கிழமை முதீர் வந்தார். ஹாலில் விரிப்பில் உட்கார்ந்து, கையாலேயே அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். "வல்லாஹி! என் வீட்டு ஆள் உரித்தால் வாயெல்லாம் முடிதான் வரும். இது யார் உரித்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அடுப்படியில் ரைத்தாவைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார்" என்றது என் கணவர் குரல்.

அதோடு விட்டாரா? உள்ளே போய் அந்த ரம்பக் கத்தியை எடுத்துவந்து காட்டினார். முதீர் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் முதுகில் தட்டினார். அடுத்த மாதம் சவூதிப் பாலைவனத்துக்குப் பெரிய வேட்டை போகிறார்களாம், நண்பர்கள் எல்லாரும். "நீ என்னோடு வருகிறாய். விசா நான் பார்க்கிறேன். கலாஸ், முடிந்தது பேச்சு!"

கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். "சார், அவருக்கு உரிக்கத் தெரியாது. நான்தான் உரிச்சேன். அடுத்த மாசம் என் தங்கச்சி கல்யாணம், அவர் ஊருக்கு வரணும்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

முதீர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பார், உன் மனைவி உன்னை விட மாட்டேன் என்கிறாள். எல்லா மனைவியும் இப்படித்தான்! மேடம், நீங்கள் தாராளமாகப் போங்கள். இவனை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்."

கணவரைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் சார், அவள்தான் உரித்தாள் என்று சொன்னால் போதும். அவர் தட்டில் இருந்த எலும்பைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் ஊருக்குப் போனேன். மணையில் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்தார்கள். தாரை வார்க்கத் தங்கையின் கையைச் சித்தி பிடித்துக்கொண்ட நேரம் பார்த்து, என் கையில் இருந்த அம்மாவின் செல்போன் அடித்தது. அவர்தான். வேட்டைக்குப் போன இடத்திலிருந்து, முதீரின் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"இங்க எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. எங்க ஆரம்பிக்கணும்? காலா, கழுத்தா? அதை மட்டும் சொல்லு."

மேடையில் தங்கை தலையைத் தூக்கி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.