கவர் கிழிக்காத மெத்தை

தங்கபாயக்காவின் நடு ஒடிந்தது கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில். முதுகும் இடுப்பும் சேருகிற இடத்தை எங்கள் பக்கத்தில் நடு என்போம். புருஷன் ஜெபதாஸ் பால் வெட்டுவான், இவள் இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்குவாள். சாயங்காலம் எஸ்டேட் லைனில் இருந்த ஒற்றை அறைக்கு வந்தால் படுக்கத் தரைதான் கிடைக்கும். கட்டில் இல்லாமல் இல்லை. அவள் அப்பன் சீதனமாகக் கொடுத்த கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் இருந்தன. ஜெபதாஸ் அதில் படுப்பான், சீதனம் கொண்டு வந்தவள் பாயில் படுப்பாள். நியாயத்தைப் பார்த்தீர்களா?

அவன் தடித்த ஆள். வருஷம் போகப்போக மெத்தை அவன் உருவத்துக்குக் குழிந்தது. பஞ்சு அடிக்கிறவர் லைனுக்கு வரும்போதெல்லாம் மெத்தையைப் பிரித்து அடிக்கக் கொடுப்போம் என்று இவள் கேட்பாள். தன் உடம்புக்கு அது ஒத்துப்போய்விட்டது, யாரும் தொட வேண்டாம் என்பான். மறுபடி கேட்டால் அடி விழும்.

கடைசியில் அவன் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தான். அங்கேதான் இந்தக் கதையின் முடிச்சு. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் எந்த மெத்தையில் உயிரை விட்டாரோ அந்த மெத்தையை வீட்டில் வைக்கமாட்டோம். அடக்கம் முடிந்ததும் தோட்டத்து மூலையில் போட்டுக் கொளுத்திவிடுவோம். ஜெபதாஸ் வீட்டில் சாகாததால் அவன் மெத்தை தப்பித்துக்கொண்டது. தங்கபாயக்கா முதல்முறையாகத் தன் சீதன மெத்தையில் ஏறிப் படுத்தாள். எந்த ஓரத்தில் படுத்தாலும் கண்ணயர்ந்ததும் உருண்டு அவன் குழியில் போய் விழுவாள். செத்தும் அவன் விடவில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

மகன் அபினேஷ் கல்ஃபில் சம்பாதித்துத் திருவட்டாறில் எங்கள் வீட்டை ஒட்டி மாடி வீடு கட்டினான். அம்மையும் அவள் கட்டிலும் கீழே பின்னறைக்கு வந்தார்கள். அப்படித்தான் அவள் எனக்குப் பழக்கம். மருமகள் ரெஜிஷா கெட்டவள் என்று சொல்லமாட்டேன். சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். ஆனால் வீட்டிலுள்ள சாமானுக்கு இருக்கிற மரியாதை அவளிடம் மனுஷருக்குக் கிடையாது. சோபாவுக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்கும் உறை. மாமியார் நடு வலிக்கிறது என்று முனகினால் அவளுக்கு ஒரே பதில்தான்.

"பாயில படுங்க மாமி. பாயில படுத்தா நடுவுக்கு நல்லது."

பாயில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவளிடம் இதைச் சொல்வாள்.

போன வருஷம் அபினேஷ் லீவில் வந்திருந்தபோது டாக்டர் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இந்தக் குழி மெத்தையைத் தூக்கிப் போடாமல் மாத்திரை தின்று பிரயோஜனம் இல்லை என்றார். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மையையும் பெண்டாட்டியையும் காரில் ஏற்றி மார்த்தாண்டத்துக்குப் போனான். துணைக்கு நானும் போனேன்.

கடைக்காரர் ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்க்கச் சொன்னார். நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் எப்படிப் படுப்பது என்று அக்கா கூசினாள். நான் சேலையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று பஞ்சுபோல் அமுங்கியது, உள்ளே போனால் எழ முடியவில்லை. இன்னொன்று பலகை மாதிரி இருந்தது. ஓரத்தில் கிடந்த ரப்பர்ப் பால் மெத்தையில் படுத்ததும் அவள் மூக்கை அதில் வைத்து மோந்தாள். நான் சுமந்த பாலாக்கும் இது என்றாள். சொல்லிவிட்டு அப்படியே உறங்கிப்போனாள். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அபினேஷ் அவளை எழுப்பவிடாமல் ஸ்டூலில் காத்திருந்தான். அன்றைக்கு அவனை எனக்குப் பிடித்திருந்தது. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்த ரெஜிஷாவின் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

மெத்தை வந்தது. பழையது விறகுப்புரைக்குப் போனது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கவரை ரெஜிஷா கிழிக்கவிடவில்லை, அழுக்காகிவிடுமாம். அபினேஷ் விமானம் ஏறியபிறகு அதைக் கேட்க ஆளும் இல்லை. அந்தக் கவரின் மேலேயே ஒரு போர்வையை விரித்து அக்கா படுத்தாள். திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம் கேட்கும், முதுகு வேர்க்கும். போகட்டும் பிள்ளே, குழி இல்லல்லா என்பாள். அந்தக் கொஞ்ச மாசம் அவள் முகம் தெளிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் உறங்குகிறேன் என்றாள்.

ஆடிச் சாரலில் அவளுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சபைப் போதகர் வந்து ஜெபம் பண்ணினார். ரெஜிஷாவின் அம்மை கிரேசி பெட்டியோடு வந்து இறங்கினாள். சம்பந்தக்காரி, கடைசியாக அக்கா வாயில் தண்ணீர் ஊற்ற வந்தாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் வந்ததும் கட்டிலின் அடியில் குனிந்து மெத்தையின் கனத்தைத்தான் பார்த்தாள்.

இதிலேயே தங்கபாய் மைனிக்க சீவன் போனால் இதைக் கொளுத்த வேண்டியதுதானே என்று மகளிடம் கேட்டாள். குசுகுசுவென்றுகூட இல்லை, வாய்விட்டே கேட்டாள். அம்மையைப் பழைய மெத்தைக்கு மாற்றட்டுமா என்று கேட்க அபினேஷுக்குப் போன் போட்டார்கள். உங்களுக்கு எது சரியென்று தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். கடையில் ஸ்டூலில் காத்திருந்த அதே மகன்தான்.

விறகுப்புரையிலிருந்து பழைய மெத்தை வந்தது. எலி கடித்த ஓரத்தில் பஞ்சு தொங்கியது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அக்காவைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். அவளுக்கு நினைவு தப்பியிருந்தால் பரவாயில்லை. கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நான் இன்னும் சாவல்லியே மக்கா" என்றாள்.

அவள் உடம்பு மெல்லச் சரிந்து ஜெபதாஸின் குழிக்குள் போனது.

புது மெத்தையை அவள் கண்ணுக்கு நேரே சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். அவளானால் சாகவும் இல்லை. நாள் போகப்போக வீட்டில் எரிச்சல் ஏறியது. கிரேசி ஊருக்குத் திரும்ப நாள் பார்த்தாள், வந்து விசாரித்த உறவுக்காரர்கள் இன்னுமா என்று கேட்டார்கள். மெத்தையில் படுக்கவும் ஆளில்லை, எடுக்கவும் மனசில்லை. நாய்க்குக் கிடைத்த முழுத்தேங்காய்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜிஷாவும் கிரேசியும் சபைக்குப் போனார்கள். நான் கத்தோலிக்கக்காரி, முதல் பூசை பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அதனால் காவலுக்கு என்னை உட்கார்த்தினார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டியதும் அக்கா என் கையைப் பிடித்தாள். கண் சுவரில் இருந்தது.

"பிள்ளே, அத ஒருக்கா தாழப் போடு. இந்த மனுஷனுக்க குழியில கெடந்து நான் சாவ மாட்டேன்."

அடுக்களைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்து அந்தக் கவரை மேலிருந்து கீழ்வரை கிழித்தேன். மெத்தையைத் தள்ளிக் கட்டிலை ஒட்டித் தரையில் போட்டேன். அக்காவிடம் எலும்பும் தோலும்தான் மிச்சம், போர்வையோடு சேர்த்து இழுத்து இறக்கிவிட்டேன். அவள் உள்ளங்கையால் மெத்தைத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து மூக்கை வைத்து மோந்தாள். கடையில் உறங்கியது மாதிரியே உறங்கினாள். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மாலை முடிவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

அவர்கள் கையில் வேதப்புத்தகத்தோடு உள்ளே வந்தார்கள். கிரேசிதான் முதலில் பார்த்தாள்.

"கவரக் கிழிச்சது ஆரு?"

செத்துக் கிடந்தவளைக் கண்டு அவள் வாயில் வந்த முதல் வார்த்தை அது. நான்தான் என்றேன். அவள் என்னை முறைத்த முறைப்புக்கு நான் பயப்படவில்லை. அவர்களுக்குச் சண்டை போடவும் நேரம் இல்லை. ஆள் கூடுவதற்குள் சடலத்தைத் தூக்கிப் பழைய மெத்தையில் போட்டார்கள், புது மெத்தையை மாடிக்குக் கொண்டுபோனார்கள். செத்தவளையாவது அங்கே கிடக்க விடுங்கள் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பிறகு இருவரும் தலைமாட்டில் உட்கார்ந்து நன்றாகவே அழுதார்கள்.

அடக்கத்துக்கு அபினேஷ் வந்து சேர்ந்தான். தோட்டத்து மூலையில் ஜெபதாஸின் மெத்தை எரிந்தது. புகை அடங்குமுன் ரெஜிஷா புருஷன் காதில் விழாதபடி என்னை மதில் ஓரத்துக்குக் கூப்பிட்டாள்.

"சித்தி, மாமி புது மெத்தையிலதான் செத்தாவன்னு அவியளுக்கிட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா அந்த மெத்தையயும் கொளுத்திருவாவ."

"நான் சொல்லமாட்டேன். நீ அதுல நல்லா உறங்கு மக்கா" என்றேன்.

நல்ல மனசோடு சொல்லவில்லை. அது அவளுக்கும் புரிந்தது.

லீவு தீரும்வரை அபினேஷ் மாடியில் அந்த மெத்தையில்தான் படுத்தான். ஒருநாள் காலையில் மதில் வழியாக என்னைப் பார்த்து, அம்மை நல்ல மெத்தைதான் பார்த்து எடுத்திருக்கிறாள், படுத்தால் போதும் உறங்கிவிடுகிறேன் என்றான். கடைசி நேரத்தில் அவள் அதில் கிடக்கவில்லையே என்று கண்ணைத் துடைத்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எது சரியென்று தோன்றுகிறதோ அதைச் செய்யச் சொன்னவன் நீதானே, படு மகனே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ரெஜிஷா அதில் ஏறவில்லை. புழுக்கம் என்று புருஷனிடம் சாக்கு சொல்லிவிட்டுக் கீழே பாயில் படுத்தாள். அவன் திரும்பிப் போன பிறகும் பாய்தான். மெத்தைக்குப் புதுசாக ஒரு கவர் தைத்துப் போட்டிருக்கிறாள். எடுத்துப் போட மனசு வராது, ஏறிப் படுக்கத் தைரியம் வராது.

நேற்று கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். குனிந்து குடம் எடுக்க முடியவில்லையாம், தைலம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"பாயிலதான படுக்க?" என்றேன். "பாயில படுத்தா நடுவுக்கு நல்லதுன்னு நீதானட்டி சொன்ன?"

அவள் வாசலிலேயே நின்றாள். தைலக் குப்பி என் அலமாரியில் இருந்தது. நான் எழுந்து எடுக்கவில்லை.