நம்ம காசுக்கு எவ்வளவு?

கண்டிக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் காலையில் பாண் ரொட்டி வாங்கப் போனால் மனசுக்குள் வகுத்துப் பார்க்கிறேன். நாங்கள் குடியிருக்கிற மஹய்யாவப் பகுதிக் கடைக்காரர் விலையைச் சொன்னதும், திருச்சிக் காசில் அது எவ்வளவு என்று தானாக ஒரு கணக்கு ஓடும். வந்த புதிதில் இரண்டால் வகுத்தேன். போகப் போக மூன்றால். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற அந்த மோசமான வருஷம் நாலால் வகுத்தும் மீதி வந்தது. இப்போது மூன்றரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. "திங்கிறது இங்க, கணக்கு மட்டும் அங்கயா?" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். கடல் தாண்டி வாக்கப்பட்ட மற்றப் பெண்களுக்கு இது புரியும். திருச்சியிலிருந்து இதைப் படிக்கிற என் ஜனங்களுக்கு, முக்கியமாக அண்ணிமார்களுக்கு, புரிய வைக்கத்தான் எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் பரீதாவுக்கும் ஆரி வேலையில் பைத்தியம். பரீதா கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், என்னைவிட இளையவள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்து ஜாக்கெட்டில் பூ வேலை செய்வோம். விற்பதற்கு இல்லை, ஆசைக்கு. இலங்கைக் காசு ஓரளவு நிலையாக இருந்த காலத்தில் வருஷம் ஒரு தடவை மணி வாங்குவதற்கென்றே இரண்டு பேரும் கொழும்பில் விமானம் ஏறித் திருச்சிக்குப் போவோம். என் அண்ணன் வீட்டில் தங்குவோம். திரும்பும்போது பெட்டியைத் தூக்க முடியாது. அந்த நாட்களில் அண்ணி எங்களுக்குப் பலகாரம் செய்து போடுவார், பரீதாவைத் "தங்கம்" என்று கூப்பிடுவார்.

காசு விழுந்த பிறகு இரண்டு வருஷம் நாங்கள் எங்கும் போகவில்லை. அப்புறம் சீட்டுப் பிடித்துச் சேர்த்து ஒருவழியாகப் போனோம். தெப்பக்குளம் பக்கத்தில் வழக்கமாகப் போகிற மணிக்கடை. அண்ணியும் கூட வந்தார். பரீதா ஒரு கண்ணாடி மணிச் சரத்தை எடுப்பாள், போனில் கணக்குப் போட்டுப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். நாலைந்து தடவை இப்படி நடந்தது. அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போதே கடைக்காரரிடம் சொன்னார்.

"அண்ணே, நல்லதையெல்லாம் உள்ள வைங்க. சிலோன் காசுக்கு அதெல்லாம் தாங்காது. உதிரியா கெடக்குமே, அதை அள்ளிப் போடுங்க."

கடைக்காரர் ஒரு தட்டில் உதிரி மணியைக் கொட்டினார். பரீதா சிரித்துக்கொண்டே அதில் பொறுக்கினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைச் சொல்லியிருந்தால் நாத்தனார் சண்டை என்று விட்டிருப்பேன். நான் கூட்டிக்கொண்டு வந்தவளைச் சொல்லிவிட்டார். அன்றைக்கே மனசுக்குள் கறுவிக்கொண்டேன், உனக்கு ஒரு நாள் இருக்கிறது அண்ணி என்று.

அந்த நாள் தானாகவே நடந்து வந்தது. அண்ணிக்கு மாடித்தோட்டத்தில் பைத்தியம். அதற்கென்று ஒரு வாட்ஸாப் குழுவும் உண்டு. போன வருஷம் போன் செய்தார். "கலா, உங்க ஊர்ல இப்ப எல்லாம் சும்மா கெடைக்குதாமே! நானும் என் தோட்டத்துப் பிரெண்ட்ஸ் ரெண்டு பேரும் ஆர்க்கிட் பாக்க வர்றோம்." வாங்க அண்ணி, தாராளமா வாங்க என்றேன். என் குரலில் ஒழுகிய தேனைக் கேட்டு வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

வந்த மூன்று பேரும் கண்டி டவுனை ஒரு கலக்குக் கலக்கினார்கள். தேயிலை, கறுவாப்பட்டை, பித்தளை விளக்கு, பத்திக் துணி. ஒவ்வொரு கடையிலும் அண்ணி சத்தமாகக் கேட்பார், "நம்ம காசுக்கு எவ்வளவு?" நான் சொல்வேன். "அவ்வளவுதானா!" என்று மூன்று பேரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அதற்கும் பேரம் பேசுவார்கள். கண்டிக் கடைக்காரர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஒரு கடையில் பெரியவர் ஒருவர், விளக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தபடியே, நல்ல தமிழில் "சந்தோஷமா போயிட்டு வாங்க" என்றார். அண்ணி அசரவில்லை.

மறுநாள் பேராதனைப் பூந்தோட்டம். பரீதாவையும் வேண்டுமென்றே கூப்பிட்டிருந்தேன். நான் செய்யப் போவதை அவள் பார்க்க வேண்டும். டிக்கெட் ஜன்னலுக்கு மேலே பலகையில் இரண்டு விலை எழுதியிருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. அண்ணி பலகையைப் பார்த்ததும் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"நீ போயி எல்லாருமே உள்ளூர்னு வாங்கிடு. நாங்க வாயே தொறக்க மாட்டோம். உன் மூஞ்சியும் எங்க மூஞ்சியும் ஒண்ணுதானே."

"சரி அண்ணி" என்றேன். உள்ளுக்குள் மேளமே கொட்டியது. ஜன்னலில் நின்று, பின்னாலிருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். உள்ளூர் இரண்டு, வெளிநாடு மூன்று. அதோ அந்த மூன்று பேரும் இந்தியா. கையை நீட்டியே காட்டினேன். அண்ணியின் முகம் கறுத்ததைப் பார்த்தபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஜன்னலுக்குள் இருந்த பையன் டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். "நோனாவின் சிங்களம் ரொம்ப நல்லா இருக்கிறதே" என்று சிங்களத்தில் பாராட்டினான். பிறகு கேட்டான், "நோனா கொஹெந்த?" அம்மாவுக்கு எந்த ஊர் என்கிறான். மஹய்யாவ என்றேன். அவன் சிரிப்பு மாறாமலே, "ஐடென்டி?" என்றான்.

என்னிடம் இந்த நாட்டு அடையாள அட்டை கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுக்க எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை. வருஷா வருஷம் அதில் குடியிருப்பு விசாவைப் புதுப்பித்துக்கொள்வதோடு சரி. அந்தப் பாஸ்போர்ட் அன்றைக்கு வீட்டு அலுமாரியில் கிடந்தது. இதற்கு முன் வந்தபோதெல்லாம் வீட்டுக்காரரோ பரீதாவோதான் டிக்கெட் எடுப்பார்கள், நான் பின்னால் பேசாமல் நிற்பேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானே முன்னால் போய் வாயைத் திறந்தேன்.

"இவங்க எங்கட ஆள் தான், மாத்தயா" என்று பரீதா தன் அட்டையை நீட்டிச் சிங்களத்தில் மன்றாடினாள். அவன் தப்பாக ஒன்றும் பேசவில்லை. அட்டையோ விசாவோ காட்டினால் உள்ளூர் விலைக்குத் தருவதாகவும், இல்லாவிட்டால் மேலே இருப்பவர்கள் தன்னைப் பிடிப்பார்கள் என்றும் சொன்னான். அதற்குள் அண்ணி வந்துவிட்டார். வெளிநாட்டு விலையில் என் டிக்கெட்டை எடுக்குமளவுக்கு என் பையில் சல்லி இல்லை என்பது அவருக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

"நீதான் எங்களை வெளிநாடுன்னு சொன்னியா?"

"ஆமா அண்ணி. பொய் சொல்ல மனசு வரலை."

அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன், ஆசைப்பட்டேன்கூட. அவர் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். "நம்ம காசுக்கு ஒரு ஹோட்டல் சாப்பாடு. நாலு குடுப்பா" என்று ஜன்னலில் கார்டை வைத்தார். டிக்கெட்டில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"நீயும் இந்தியாதானேடி. வா."

பரீதா போகிறபோது என் காதில் சொன்னாள், "கலாக்கா, எனக்கு அந்த மணிக்கடை விஷயம் எப்பவோ மறந்து போச்சு. எனக்காக என்னத்துக்கு இப்படிச் செஞ்சீங்க?" அவளுக்கு மறக்கலாம். எனக்கு மறக்காது. அண்ணி மறுபடி வந்தாலும் இதையேதான் செய்வேன், ஒரே வித்தியாசம், அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

நுழைவாயிலில் இரண்டு வரிசை, நடுவே ஒரு கயிறு. பரீதா அந்தப் பக்கத்தால் சட்டென்று உள்ளே போய், பனைமரச் சாலையில் நின்று "வாங்க, வாங்க" என்று கையை ஆட்டினாள். இந்தப் பக்கத்தில் அண்ணி என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தோழிகளிடம் ஆர்க்கிட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டைக் கசக்கிப் பிடித்தபடி, என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பஸ் தூரத்தில், நான் வெளிநாட்டார் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.