எத்தினி வருஷம் தாங்கும்?

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் யாராவது காலைத் தாங்கித் தாங்கி இறங்கினால் போதும், தனகோடி எதிரே போய் நின்றுவிடுவாள். "எந்தக் காலுங்க? ஆபரேஷனா? இப்ப எப்படி இருக்குது?" முன்பின் தெரியாதவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலர் நிழல் பார்த்து உட்கார்ந்து விலாவாரியாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கறிக்கடை பஷீர் அஹமது தம் இடுப்பு மூட்டை மாற்றிய கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். "அது இடுப்பு பாய். எனக்கு வேண்டியது கணுக்காலு" என்பாள், ஒவ்வொரு முறையும் கதையை முழுக்கக் கேட்டு முடித்த பிறகு.

நாற்பதைத் தாண்டிய தனகோடி உப்பளத்தில் உப்பு சுமப்பவள். வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்து, நிழலிலும் கண்ணைச் சுருக்கியே பேசுவாள். நாளெல்லாம் உதட்டில் உப்பு படிவதாலோ என்னவோ, குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்று அவளுக்குத் தெரியாது. கணவன் ராமதாஸ்தான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். இடது செருப்பு வெளி ஓரமாகத் தேய்ந்து அறுந்துபோகும். வலது புதிதாகவே கிடக்கும்.

சில வருஷங்களுக்கு முன், மழை பெய்த வரப்பில் கூடையோடு வழுக்கி விழுந்தாள். நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டு இடது கணுக்கால் எலும்பு கூடியது, ஆனால் கோணலாக. சுனாமி வந்துபோன அடுத்த வருஷம், சாயங்காலமானால் கணுக்கால் பூசணிப் பிஞ்சு போல் வீங்கத் தொடங்கியது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு வழி இருக்குதும்மா. எலும்புங்களை ஒண்ணா சேர்த்துப் பூட்டிடலாம். வலி போயிடும், ஆனா கணுக்கால் மடங்காது. இல்லன்னா செயற்கை மூட்டு வெக்கலாம், மடங்கும். வெளிநாட்டுல இப்ப நிறைய பண்றாங்க."

"எத்தினி வருஷம் தாங்கும்?"

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "நம்ம ஊர்ல யாரும் கணக்கு வெக்கலம்மா. நல்லா ஆனவங்க திரும்பி வர்றதில்ல. கெட்டுப்போனவங்க வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடறாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"பூட்டினவங்க?"

"அவங்களும் அப்படித்தான்."

"தெரியாதுன்னு சொல்ற டாக்டர்கிட்டயா காலைக் குடுப்ப?" என்றான் ராமதாஸ். தனகோடிக்குக் குழப்பம். தெரியும் என்று சொன்னவர்தானே கோணலாகக் கட்டினார்? அன்றிலிருந்துதான் பஸ் நிறுத்த விசாரணை தொடங்கியது. கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதே தவிர, கணுக்காலில் மூட்டு வைத்த ஒருவர்கூட அகப்படவில்லை.

அடுத்த வீட்டுக் கலைமதி ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் வேலை செய்கிறாள். அந்த அம்மாவுக்கு இருப்பது செயற்கைக் கணுக்கால் என்று தெரிந்ததும் தனகோடி விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். அந்த அம்மா தழும்பைத் தொட்டுப் பார்க்கவே விட்டாள். அவள் பேசியதைக் கலைமதி தமிழில் எடுத்துச் சொன்னாள்: "அவங்க ஊர்ல மூட்டு வெச்ச எல்லாரையும் ஒரே எடத்துல பதிஞ்சி வெக்கிறாங்களாம்க்கா. எப்படி இருக்குதுன்னு வருஷா வருஷம் கேப்பாங்களாம். எந்த மூட்டு சீக்கிரம் ஆடிப்போவுதுன்னு தெரிஞ்சிடுமாம். ஆடிப்போனா வேற வெப்பாங்க, இல்ல எடுத்துட்டுப் பூட்டிடுவாங்களாம்."

"அதுல தலைச்சுமை தூக்குறவங்க இருக்காங்களான்னு கேளு."

அந்த அம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய், கலைமதியிடம் ஏதோ சொன்னாள்.

"தெரியலையாம்க்கா."

திரும்பும்போது பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறியதும் தனகோடி சொன்னாள்: "கடைசியில பூட்டத்தான் போறாங்கன்னா, இப்பவே பூட்டிட்டா என்ன?" அடுத்த நிறுத்தத்தில், "ஒருக்கா பூட்டிட்டா தெறக்க முடியாதே" என்றாள். மரக்காணம் வருவதற்குள் எத்தனை முறை மனசு மாறியதோ, கலைமதி தூங்கிப்போனாள்.

ஒருவழியாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரியிலேயே கணுக்காலைப் பூட்டிக்கொண்டாள். மாவுக்கட்டு பிரித்தபின் வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் சரிவில் பாதம் வளைந்து கொடுக்கவில்லை. கூடையோடு வரப்பேற முடியாமல், சாக்கில் உப்பு நிரப்பி மூட்டை பிடிக்கும் வேலைக்கு மாறினாள். இதை லாபத்தில் சேர்ப்பதா நஷ்டத்தில் சேர்ப்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள், வேலைக்குப் போகாமல் தனியாகப் புதுச்சேரிக்குப் போனாள். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் ஒரு பெண் டாக்டர்.

"வலியா?"

"இல்லீங்க."

"வீக்கம்?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?"

தனகோடிக்கே அது சரியாகத் தெரியவில்லை. "இங்கதான் காலைப் பூட்டினாங்க, அப்புறம் எப்படி இருக்குதுன்னு யாரும் கேக்க வரலீங்க. அதான் நானே வந்தேன். வலி போயிடிச்சி. மேடு ஏற முடியல. நல்லா ஆயிடிச்சா இல்லியான்னு எனக்கே புரியல. நீங்க பாத்து எழுதிக்குங்க."

டாக்டர் வாசலில் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். தனகோடி காத்திருக்கவில்லை. தானே கட்டிலில் ஏறி உட்கார்ந்து, புடவையைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு, இடது காலை டாக்டர் பக்கம் நீட்டினாள்.